ஃபுவாடினோ போட்ட வெள்ளைக் கோடு

தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் லெயாலி அவர்களே! தலை நரைத்தும் தன்மானம் நரைக்காத பெரியவர்களே! பாய் முடைந்த கையோடு பறந்து வந்திருக்கும் மாதர் சங்கத்துத் தாய்மார்களே! கோக்கோக் கோப்பையும் குறும்புச் சிரிப்புமாக நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சமோவாவின் விடுதலை நாளில் தலைவர்களின் பெயர்களை முழங்கினோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறேன், அந்தத் தலைவர்கள் இடுப்பில் கட்டிய துணியைத் தைத்தது யார்?

தைத்தவள் ஃபுவாடினோ! நம் ஊர்த் தையற்காரி. கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். கைமிஷின் ஒன்றே சொத்தாகக் கொண்டவள்.

அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்த நம் 'மௌ' இயக்கத்தின் உடை என்ன? இடுப்பில் சுற்றிக் கட்டும் நீல லாவலாவா, அதில் ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். அந்த ஒற்றைக் கோட்டுக்கு, கடல் கடந்து வந்த அரசு நடுங்கியது! உடுத்தினால் குற்றம் என்றது. ஆண்கள் காட்டுக்குள் மறைந்தார்கள். சிப்பாய்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். நாற்பது லாவலாவாக்களை அள்ளிவந்து அவள் வாசலில் குவித்தார்கள். எல்லாக் கோடுகளையும் அவளே பிரிக்க வேண்டும் என்றான் அதிகாரி. அதை நம் மொழியில் சொன்னவன் அவளுடைய சித்தப்பா மகன் சேஃபோ, அரசாங்க மொழிபெயர்ப்பாளன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சேஃபோ, ஒங்க தொரைகிட்ட சொல்லு. தச்ச கை பிரிக்காது. அவருக்கு அவசரம்னா அவரே உக்காந்து பிரிக்கட்டும்."

"அக்கா, இதை நான் எப்படிச் சொல்றது?"

"சம்பளம் வாங்குறேல்ல? சொல்லு."

சொன்னான். அதிகாரி சிவந்தான். சிப்பாய் ஒருவனை உட்காரவைத்துப் பிரிக்கச் சொன்னான். அவள் தையல் என்ன சாதாரணத் தையலா? இரட்டைத் தையல்! மதியம்வரை பிரித்தான், மூன்றுதான் முடிந்தது. பின்வரிசையில் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அன்று ஊரே சிரித்தது.

சிரிப்புக்கு விலை இருந்தது. துணியையும் மிஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அழுதாளா? அழுதாள் தாய்மார்களே, ஒரு பகல் முழுக்க அழுதாள். மறுநாள் கையூசியை எடுத்தாள். வீடு வீடாகப் போனாள். போர்வை நீலம், திரைச்சீலை நீலம், கிடைத்த நீலத்தையெல்லாம் வெட்டினாள். ஆண்களை உடுத்தவிடாவிட்டால் பெண்கள் உடுத்துவோம் என்றாள்.

அடுத்த வாரம் சிப்பாய்கள் வந்தபோது சாலையை மறித்து நின்றார்கள் அறுபது பெண்கள். அறுபது இடுப்பிலும் அந்தக் கோடு! அவிழ்க்கச் சொன்னான் அதிகாரி. முன்னால் நின்ற ஃபுவாடினோ சொன்னாள்:

"எங்க கையால அவுக்க மாட்டோம். ஒங்க பசங்கள்ல யாருக்குத் தைரியமோ, வந்து தொடச் சொல்லுங்க."

ஒரு சிப்பாய் நகர்ந்தானா? இல்லை! துப்பாக்கி இருந்தது, தோட்டா இருந்தது. பெண்கள் முகத்தைப் பார்க்கும் துணிவு இல்லை. தலை கவிழ்ந்து திரும்பினார்கள்.

பிறகு அவளை மட்டும் பிடித்தார்கள். மூன்று மாதச் சிறை. அதே லாவலாவாவோடு நடந்து போனாள். பின்னாளில், விடுதலைக் கொடி ஏறுமுன் கண்மூடினாள்.

அவள் பெயரைப் பாடநூலில் சேர்க்க இடமில்லையாம். யாரிடம் சொல்கிறீர்கள்? அவளை விட்டுவிட்டு எழுதிய வரலாறு எதை உடுத்திக்கொண்டு ஊர்முன் நிற்கும்? அடுத்த ஆண்டு இந்தக் கொடியடியில் முதலில் ஒலிப்பது அவள் பெயர்! மறுப்பவர் இப்போதே எழுந்து நில்லுங்கள்.

எவரும் எழவில்லை. நன்றி, பெரியோர்களே. வாழ்க சமோவா! வணக்கம்.