செருப்பைக் கழற்றும் இடம்

கூடாரத்துக்கு வெளியே ஷூவைக் கழற்றி வைக்காதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். கேட்கமாட்டார்கள். உள்ளே வைத்தால் நாறுகிறது என்பார்கள். இயற்கையை முகர்ந்து பார்க்க இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குத் தங்கள் காலின் இயற்கை மட்டும் பிடிப்பதில்லை.

பேர் தேவசிகாமணி, சார். கரடியூருக்கு மேலே, வியூ பாயின்ட் போகிற வழியில், கூடாரம் போட்டு ஆட்களைத் தங்க வைக்கிறேன். அப்பா அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். என்னை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். எனக்குக் கணக்கு வராது. எஸ்டேட் தப்பித்தது. நிலம் என்னுடையது அல்ல, மலைக்கார ஊருக்குப் பொதுவான மேடு. நல்ல ஆள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறான், பிழைத்துப் போகட்டும் என்று ஊர் கூடிக் கொடுத்தது. ஊர் கூடினால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

கூடாரம் போடுவது பெரிய வித்தை இல்லை. நான் விற்றது பாதுகாப்பு. தனியாக நடக்காதீர்கள், பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள், முன்பின் தெரியாத ஆள் குறுக்குவழி காட்டினால் பின்னாலேயே போகாதீர்கள். எல்லாம் நல்ல அறிவுரைதான். ஆரம்பத்தில் யாரும் காதில் வாங்கவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கறி வெந்துவிட்டதா என்று கேட்டார். ஏற்காட்டில் நீச்சல் குளத்தோடு தங்குமிடங்கள் வந்துவிட்டன. என்னிடம் காற்றும் ஒரு கக்கூசும்தான் இருந்தன. காற்று பலமாக அடித்தால் கக்கூசும் உறுதியில்லை.

சிக்கல் என்னவென்றால் அந்த மலையில் திருட்டே கிடையாது. திருடன் இல்லாத ஊரில் காவல்காரனுக்கு யார் சோறு போடுவார்கள்?

அதனால் கொஞ்சம் திருட்டை நானே ஏற்பாடு செய்தேன். விடியற்காலையில் எல்லோரும் ஷூவை வெளியே விட்டுவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சூரியன் பார்க்க வியூ பாயின்ட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போது ஒரு ஷூவை எடுப்பேன். ஒற்றை ஷூதான். ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பயம் வந்தவர்கள் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை. அவர்கள் தேடித் தவித்து, முகம் வெளுத்த பிறகு, நான் தடியை எடுத்துக்கொண்டு புதருக்குள் பாய்வேன். கத்துவேன். ஷூவோடு மூச்சிரைக்க வருவேன். ஒரு சாயங்காலம் கூடாரத்தின் மேல் இரண்டு கல் விழுந்தது. எறிந்தது யார் என்று கேட்காதீர்கள், மறுநாள் முழுக்க எனக்குத் தோள் வலி.

ஒருவரிடமும் ஒரு பொருளும் நான் வைத்துக்கொண்டதில்லை. எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். 'கொஞ்சம் ஆபத்தான இடம், ஆனால் தேவசிகாமணி அண்ணன் இருக்கிறார்' என்று இன்டர்நெட்டில் எழுதினார்கள். கூடாரங்கள் நிறைந்தன. ஆபத்தும் வேண்டும், அண்ணனும் வேண்டும். மனிதர்களை நான் புரிந்துகொண்ட அளவுக்குக் கணக்கைப் புரிந்துகொண்டிருந்தால் இன்று ரைட்டராக இருந்திருப்பேன்.

மூக்கன் அந்த ஊர்க்காரர். மேட்டுக்குக் கீழே அவருக்குச் சாமை விதைத்த காடு இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் மண்வெட்டியோடு எங்கள் கூடாரங்களின் ஓரமாகப் போவார். நான் வருவதற்கு முன்பிருந்தே அது அவர் தடம். வளைவில் திரும்பினால் சேர்வராயன் மலை உச்சி தெரியும். அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உச்சியைப் பார்த்துக் கும்பிட்டு, அங்கிருந்து காடுவரை வெறுங்காலோடுதான் போவார். அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். செருப்பு சாயங்காலம்வரை தடத்திலேயே கிடக்கும்.

என்னிடம் தங்கியவர்கள் அவரை நிறுத்திக் கேட்பார்கள்: இங்கே திருட்டு பயம் அதிகமாமே?

"திருட்டா? எஞ்செருப்பு அங்க கெடக்குது பாருங்க. நாய்கூட மோந்து பாக்காது," என்பார். பிறகு என் கையிலிருக்கும் தடியைப் பார்ப்பார். "ஏனுங்க தேவசிகாமணி, யாரை அடிக்கறதுக்குங்க இத்தாச்சோட்டுப் பெரிய தடி? கொசுவுக்குங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அடுத்தவரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனுக்கு, தன்னைப் பார்த்துச் சிரிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, சார். அந்த ஆளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

அதனால் பாதுகாப்புப் பேச்சில் ஒரு வரி சேர்த்தேன். "விடியக்காலத்துல மம்புட்டியோட ஒருத்தர் இந்தப் பக்கம் நடமாடறாருங்க. நான் யாரையும் குத்தம் சொல்லுலைங்க. சாக்கிரதையா இருந்துக்குங்க." பொய் ஒன்றும் இல்லை பாருங்கள். நடமாடினார், மண்வெட்டியும் இருந்தது. மறுநாளிலிருந்து அவரைக் கண்டதும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒரு கோஷ்டி அவர் மண்வெட்டியைப் பிடுங்கி, மடியை உதறிக் காட்டச் சொன்னது. அவர் உதறிக் காட்டினார். வெற்றிலை விழுந்தது. குனிந்து பொறுக்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். புகை அதிகம், கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு இளகிய மனது, சார். யார் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகுதான் வெண்ணிலா வந்தாள். சேலத்துப் பெண், நர்ஸிங் படிக்கிறவள், தோழிகளோடு வந்திருந்தாள். அவர்கள் சூரியன் பார்க்கப் போன நேரத்தில் அவள் பையை எடுத்துப்போய் சில்வர் ஓக் மரத்தடியில், மிளகுக்கொடி மறைவில் செருகினேன். திரும்பி வந்து அழுதாள். "அழுவாத கண்ணு, அண்ணன் இருக்கறேனில்ல," என்று தடியை எடுத்தேன். இன்னும் இரண்டு எட்டு வைக்கவில்லை. மூக்கன் தடத்திலிருந்து இறங்கி, நேராக அந்த மரத்துக்குப் போய், பையை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"இந்தா சாமி. கொரங்கு இழுத்துட்டுப் போயிருக்குமாட்ட இருக்குது. அழுவாத."

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. குரங்கின் மேல் போட்டுவிட்டார். அவள் நன்றி சொன்னாள், அவருக்கு. அவர்கள் மூட்டை கட்டப் போனதும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெக்கறப்பயே பாத்துட்டனுங்க."

"வெளையாட்டுக்கு மூக்கண்ணா. புள்ளைங்கள பயங்காட்டறதுக்கு."

"எங்கூட்டுக்குப் பூட்டுக் கெடையாதுங்க. எங்க ஊருல எந்த ஊட்டுக்குமே கெடையாது. இந்த மலைக்குத் திருட்டுப்பேரு வாங்கி வெச்சிட்டீங்களே. என்னய மடிய உதறச் சொன்னாங்க. நீங்க அடுப்ப ஊதிக்கிட்டு இருந்தீங்க."

நான் ஏதோ தமாஷ் சொன்னேன். என்னவென்று நினைவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"பூசைக்கு ஊரு கூடுதுங்க. நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க, நான்தான் எடுத்தேன்னு. பெரியவங்க வைவாங்க, உட்டுருவாங்க. நீங்க சொல்லுலீன்னா நான் சொல்லோணும். அது நல்லாருக்காதுங்க."

யோசித்துப் பாருங்கள். மிரட்டவில்லை, காசு கேட்கவில்லை. மன்னிப்புக்கு வழி சொல்லிவிட்டுப் போனார். ஊர்க்கூட்டத்தில் கைகட்டி நின்று, நான் திருடினேன் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் மேடு போகும். மேடு போனாலும் பரவாயில்லை, வேறு மேடு பார்க்கலாம். என்னை நம்பித் தூங்கியவர்கள் அத்தனை பேரும் என்ன நினைப்பார்கள்? அவர்கள் நிம்மதியைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது.

காட்டுப்பன்றி வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். வருவது உண்மைதான். கரடியூரில் பலரும் சோலார் வேலி போட்டிருக்கிறார்கள். தொட்டால் சுள்ளென்று அடிக்கும், உயிரை எடுக்காது. நல்ல வேலி. நான் கட்டியது அது இல்லை. கக்கூஸ் விளக்குக்கு வந்த கரண்டிலிருந்து நேராக இழுத்த வெறும் கம்பி.

பூசைக்கு முதல் நாள் விடியும்வரை மழை பெய்தது. பனிமூட்டம். நாங்கள் வியூ பாயின்ட்டில் நின்றிருந்தோம். மேகம் ஒரு நிமிடம் விலகி, சூரியன் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவ்வளவு நல்ல உதயத்தை நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது தடத்தில் மூக்கன் குப்புறக் கிடந்தார். முதலில் ஓடியது நான்தான், சுவிட்சை அணைக்க. அவர் மனைவி அருக்காணியைத் தேற்றியதும் நான்தான். பாடைக்குத் தோள் கொடுத்தேன். அழுதது நிஜமான அழுகை. அதில் சந்தேகம் வேண்டாம்.

போலீஸ்காரராக இருந்தாலும் நீங்கள் தங்கமான மனிதர், சார். பன்றிக்குக் கட்டினது, கவனக்குறைவு, சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்று நீங்களே தைரியம் சொன்னீர்கள். அருக்காணியும் அப்படித்தான் சொன்னாளாம்: "அவரு பன்னிக்குக் கட்டுனதுங்க. வேணுமின்னு பண்ணுவாருங்களா?" நானும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என்னிடம் தங்கிய யாருக்காவது ஒரு கால் சுளுக்கியது உண்டா? கேட்டுப் பாருங்கள். அந்த ஓரமாக இருந்த கூடாரங்களை முந்தின சாயங்காலமே பெயர்த்து மேலே போட்டேன். நாயைக் கட்டினேன். எல்லோரையும் எழுப்பி, தலை எண்ணி, மேல்வழியாக நானே கூட்டிப் போனேன். அதற்கு முன்னால், அவர் செருப்பைக் கழற்றும் இடத்துக்கு நாலு எட்டு அப்பால், புல் நன்றாக நனைந்திருக்கும் இடமாகப் பார்த்துக் கட்டிய கம்பிக்கு, அவர் வருகிற நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டேன். அவர் வெறுங்காலோடு வருவார் என்று தெரிந்துதான் போட்டேன். அன்று அந்த மலையில் அவரைத் தவிர வேறு ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சார். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். அப்புறம் என்னை நம்பி யார் வந்து தங்குவார்கள்?