வெட்டிய கை கட்டட்டும்

பொங்கற் பானையின் புகை இன்னும் மணக்கிற இந்தப் பாடசாலை மண்டபத்தில் தலைமை தாங்கும் சிவபாதம் அண்ணை அவர்களே! பனியையும் பாராது வந்திருக்கும் பெரியோர்களே! விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே ஆனாலும், எங்கள் எல்லோருக்கும் அன்னையராய் நின்று அடுப்பேற்றிய தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, என் தமிழைக் கமலேஸ்வரி அக்காவின் டேனிஷ் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கிர்ஸ்ரன் அம்மா அவர்களே! அனைவருக்கும் இந்தக் குலேந்திரனின் பணிவான வணக்கம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டின் இந்தத் தைத்திருநாளில் நான் வாழ்த்துரைக்க வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

கிர்ஸ்ரன் அம்மாவை அறியாதார் இந்த ஸ்கீவ நகரில் யார்? நஞ்சடிக்காமல் பயிர் செய்து பசுவும் வளர்க்கிற கமக்காரி. நாம் அகதிகளாய் வந்திறங்கிய முதற்குளிரில் கம்பளி கொண்டுவந்து போர்த்தியவர் யார்? நம் மனைவி மக்களை இங்கே அழைக்கும் விண்ணப்பம் என்னவாயிற்று என்று மாதந்தவறாமல் அரசுக்குக் கடிதம் எழுதுபவர் யார்? அவர்தான்!

அவருக்கு ஒரு சதுப்பு நிலம் உண்டு. அவருடைய பாட்டன்மார் வாய்க்கால் வெட்டி வடியவைத்த நிலம். அதில் மறுபடி நீர் நிற்கவேண்டும், பாசி படரவேண்டும், பறவை இறங்கவேண்டும் என்று அந்த வாய்க்காலை மண்ணாலும் பலகையாலும் அடைத்திருந்தார். ஓர் அறநிதியமும் உதவ முன்வந்தது.

நாம் என்ன செய்தோம்? சென்ற ஐப்பசியில் அவருக்கு ஒத்தாசையாகப் போனோம். வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தது; அம்மாவே அடைத்தது என்று நமக்குத் தெரியாது. கமக்காரன் பெற்ற பிள்ளைக்குக் கண் பொறுக்குமா? "பாவம் மனிசி, தனிய என்ன செய்யும்? வாங்கோ, துப்புரவாக்கிக் குடுப்பம்" என்றார் பேதுரு. வெட்டினோம்! விறுவிறுவென்று வெட்டினோம்! மூன்று ஆண்டாய் அவர் தேக்கிய நீருக்கு மூன்றே மணிநேரத்தில் வழி திறந்துவிட்டோம்!

யாரது சிரிப்பது? பேதுருவா? சிரியும் ஐயா, சிரியும். முதல் மண்வெட்டி உம்முடையதுதானே!

அம்மா வந்து பார்த்தார். ஏசவில்லை. கோப்பி ஊற்றித் தந்தார். நிதியத்தார் வந்து "யார் வெட்டியது?" என்று கேட்டபோது, "என் நண்பர்கள், எனக்கு உதவி செய்ய நினைத்தார்கள்" என்று மட்டும் சொன்னார். நிதியத்தார் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: சித்திரைக்குள் அணை மீண்டும் நிற்கவேண்டும், செலவில் ஒரு பங்கை ஊரார் தரவேண்டும். தவறினால் உதவி இல்லை. உதவி இல்லையென்றால் அந்த நிலம், மண்ணைத் தோண்டி விற்பவர் கைக்குப் போகும்.

ஊரார் தரவேண்டும் என்றார்கள். நாம் ஊராரா, இல்லையா?

என்ன தம்பி, பின்னாலிருந்து கேட்கிறீர்? "எங்களுக்கே வழியில்லை, எங்கையிருந்து குடுக்கிறது?" ஓம், நியாயமான கேள்வி. ஆனால் நம் தாய்மார் கோயிலும் பள்ளிக்கூடமும் எதனால் எழுப்பினார்கள்? பிடியரிசியால்! உலையிலிடுமுன் ஒரு பிடியைப் புறம்பாகப் போட்டுவைத்து எழுப்பினார்கள். நாமும் வைப்போம். சேர்ந்த அரிசியைச் சோறும் கறியுமாக்கி ஊருக்கே விருந்து வைப்போம். உண்டவர்கள் நிதியத்து உண்டியலில் போடட்டும்.

என் பிடி எங்கிருந்து வரும், சொல்லட்டுமா? நான் ஒற்றை ஆள். ஆனாலும் அரிசி அள்ளும்போது இந்தக் கை மூன்று பிடி அள்ளிவிடுகிறது. எனக்கொன்று, என் மனைவி யோகமலருக்கொன்று, மகள் நிலானிக்கொன்று. அவர்களின் விண்ணப்பம் அரசின் மேசையில் கிடக்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டு. நாள்தோறும் இரண்டு பிடியைத் திருப்பி அரிசிப் பேணியில் கொட்டுகிறேன். இனி அந்த இரண்டு பிடியும் அணைக்கு.

அவர்கள் வருவார்கள். வருகிற அன்று மூன்று பிடியும் உலையில் விழும். மகளைச் சதுப்பின் கரைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லுவேன்: "பார் பிள்ளை, நீ வாறதுக்கு முன்னமே உன்ரை சோத்திலை கட்டின அணை இது."

அக்கா, ஏன் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டீர்கள்? கண்ணைத் துடையுங்கள். இதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

பங்குனி முதற் சனிக்கிழமை, மண்வெட்டியோடு வாருங்கள். வெட்டிய கை கட்டட்டும்! பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், ஏசாமல் கோப்பி தந்த அம்மாவுக்கும் என் நன்றி. இந்த மண்டபத்தில் இருப்போருக்கும், இன்னும் வந்து சேராதோருக்கும் வணக்கம்!