குண்டடம் தாண்டாத ஜீப்

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று அதைத் திறந்துபார்க்காமல் விடுவதுதான் மேடம். நின்ற பிறகு எல்லோரும் பார்ப்பார்கள். நிற்பதற்கு முன்னால் பார்ப்பவன்தான் மெக்கானிக்.

நீங்கள் முதலில் டீ வாங்கித் தந்தீர்கள், பிறகுதான் கேள்வி கேட்டீர்கள். அதற்காகவே எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர் அன்பாகக் கேட்டால் சொல்கிறவனுக்குப் பாரம் குறைகிறது.

எனக்கு நாசரேத் பக்கம் ஊர். அந்தோணிராஜ் என்றால் இன்று மங்கலம் ரோட்டில் யாராக இருந்தாலும் வழிகாட்டுவார்கள். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குத்தான் வந்தேன். துணி எனக்கு ஒத்துவரவில்லை, இரும்பு ஒத்துவந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் மட்டும்தான் என் ஒர்க்‌ஷாப்பில் பார்ப்பேன். வருகிறவர்களிடம் ஒரே பாடத்தைத்தான் சொல்வேன். ரேடியேட்டர் குழாயை விரலால் அமுக்கிப் பாருங்கள், காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தால் மாற்றுங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவுங்கள். பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், எங்கே போயிற்று என்று சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது மண் பாதையில் இறக்கி ஃபோர் வீல் லீவரைப் போட்டு ஓட்டுங்கள். போடாமலே வைத்திருந்தால் தேவைப்படுகிற நாளில் விழாது. இரக்கமும் அப்படித்தான், பழகாவிட்டால் இறுகிப்போகும் என்று சேர்த்துச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டேதான் மனிதர்கள் நல்லதைக் கேட்கிறார்கள்.

வேல்விழியின் ஜீப் அப்படித்தான் என்னிடம் வந்தது. அவளுடைய அப்பா தாராபுரத்துத் தோட்டத்தில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்த டீசல் ஜீப். அவர் இறந்த பிறகு அதை அவளே ஓட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட்டாள். அவளுடைய கணவர் சசிகுமாருக்கு அந்த வண்டி பிடிக்காது. அவருக்குச் சொந்தமாக பனியன் கம்பெனி, தரையோடு தரையாகப் போகிற புதுக் கார். "கம்பெனி வாசல்ல இந்தத் தகரத்த நிறுத்தாதேன்னா கேக்கறாளுங்களா" என்பார் என்னிடம். அவள் அதற்கு, "தகரம் நின்னா அந்தோணியண்ணன் பாத்துக்குவாருங்க. நான் நின்னா யாருங்க பாப்பாங்க" என்பாள். நல்ல கிண்டல்காரி. நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

கம்பெனியில் கட்டிங் பகுதி அவள் பொறுப்பு. கை துடைக்க பனியன் வேஸ்ட் துணி இல்லாமல் எந்த ஒர்க்‌ஷாப்பும் நடக்காது. நான் கலப்பு வேஸ்ட் வாங்குவதைப் பார்த்துவிட்டு, நல்ல மெதுவான பருத்தித் துண்டாகப் பொறுக்கி ஒரு மூட்டை அனுப்பிவைத்தாள். குழந்தைகள் சட்டைக்கு வெட்டியதில் மிஞ்சிய ரோஸ் நிறத் துணி. "கிரீஸ் கையிங்கண்ணா, கரடுமுரடாத் தொடச்சா வெடிச்சுப்போயிரும்" என்றாள். என் கையைப் பற்றி அதுவரை யாரும் யோசித்ததில்லை.

அவள் கையில் சில நாள் காயம் இருக்கும். "கதவு இடிச்சிருச்சுங்கண்ணா" என்பாள். அவள் ஜீப்புக்குக் கதவே கிடையாது, தார்ப்பாய்தான். எந்தக் கதவு என்று நான் கேட்டதில்லை. அது நாகரிகம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் களிம்பு வைத்திருப்பேன். எடுத்துக் கொடுப்பேன், தடவிக்கொள்வாள்.

முதல் தடவை நடந்ததில் என் கை எதுவும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாராபுரம் போகிற வழியில், குண்டடம் வருவதற்கு முன்னாலேயே ரேடியேட்டர் குழாய் வெடித்து வண்டி நின்றுவிட்டது என்று போன் செய்தாள். பைக்கில் போனேன். இரண்டு பக்கமும் உழவுக் காடு, நடுவில் ரோடு, ஒரு வேப்பமரத்தடியில் ஜீப். பின்சீட்டில் ஒரு சூட்கேஸ், அப்பா படம், ஒரு இட்லிக் குண்டா. அம்மா வீட்டுக்கு இரண்டு நாள் விருந்தாடப் போகிறவள் இட்லிக் குண்டாவை எடுத்துப்போக மாட்டாள்.

நான் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் சசிகுமாருக்குப் போனில் சொன்னேன். அவர் வந்தார். சத்தம் போடவில்லை. அவரே சூட்கேஸைத் தூக்கித் தன் காரில் வைத்தார். அடுத்த வாரம் இனிப்போடு என் கடைக்கு வந்து, "என் குடும்பத்தக் காப்பாத்தினது நீங்கதானுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மனைவியும் ஒரு நாள் கிளம்பிப் போனவள்தான். நாகர்கோவில் பஸ். நல்ல பராமரிப்பில் இருந்த பஸ் போலிருக்கிறது, வழியில் எங்கும் நிற்கவில்லை. எங்கேயாவது ஒரு அரை மணி நேரம் நின்றிருந்தால் நான் போய்ப் பேசியிருப்பேன். அவளும் யோசித்திருப்பாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். குடும்பம் உடைவதும் வண்டி உடைவதும் ஒன்றுதான், முன்கூட்டியே கவனித்தால் தடுத்துவிடலாம்.

வேல்விழிக்காகக் கர்த்தர் ஒரு தடவை குழாயை வெடிக்க வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவரே இறங்கி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம். ஜெபம் செய்துவிட்டு, அவள் அனுப்பிய ரோஸ் நிற வேஸ்டில் ஒரு துண்டை எடுத்து அவள் ஜீப்பின் டீசல் டேங்குக்குள் போட்டேன்.

இது வண்டிக்குக் கெடுதல் இல்லை மேடம். ஊருக்குள் ஓட்டும்போது துணி பாட்டுக்கு டேங்கில் கிடக்கும். நெடுந்தூரம் விடாமல் ஓட்டினால்தான் டீசலோடு இழுபட்டுப் போய் உறிஞ்சுகிற குழாயின் வாயை அடைக்கும். பழைய ரப்பர் குழாய்களின் வழியே காற்று புகுந்து எஞ்சின் அணைந்துவிடும். அணைந்ததும் துணி தானாகக் கீழே விழுந்துவிடும், யாருக்கும் தெரியாது. கைப் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினால் பழையபடி ஓடும். ஒரு நட்டு போல்ட் சேதமில்லை. மனிதர்களைத் தடுப்பதற்கு இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரியவில்லை. அத்தனையும் சுத்தமான பருத்தி.

இரண்டாவது தடவையும் குண்டடம் வருவதற்கு முன்னால்தான் நின்றது. போன் வந்தது. நான் சசிகுமாருக்குச் சொல்லிவிட்டு, தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போனேன். அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ராமாயி என்று ஒரு அம்மா இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். வேல்விழி அவரிடம் வாங்கிய இளநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அவருக்கு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன் தங்கச்சி" என்றேன்.

அது பொய் இல்லை. அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. சொன்னது அதற்கு முன்னால்.

அந்தத் தடவை வீட்டுக்குப் போன பிறகு கொஞ்ச நாள் அவளைக் காணவில்லை. வந்தபோது என்னிடம் பேசுகையில் வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். இடது காது கேட்கவில்லையாம். அதுவும் கதவு. இடது பக்கம் வருகிற வண்டியின் ஹார்ன் கேட்காவிட்டால் ஆபத்து என்று, அந்தப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடியாகப் பார்த்து வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. "நீங்க ஒருத்தராவது இருக்கீங்களேங்கண்ணா" என்று அழுதாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடி இன்றும் வண்டியில் இருக்கிறது, ஆடாது.

மூன்றாவதுதான் இப்போது நடந்தது. முந்தின நாள் சர்வீஸுக்குக் கொண்டுவந்தாள். யாருக்கும் கேட்காத குரலில், "அண்ணா, நாளைக்குத் தாராபுரம் போகோணும். வண்டி நிக்காமப் போயிருமுங்களா?" என்றாள்.

"நிக்காது தங்கச்சி. தைரியமாப் போங்க."

நான் அந்த வண்டியை எப்படிப் பார்த்தேன் என்று நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். ஆயில் மாற்றினேன், டீசல் பில்டர் புதிது, பிரேக் சரிசெய்தேன், கிரீஸ் அடித்தேன். ஃபோர் வீல் லீவர் கொஞ்சம் முரண்டு பிடித்தது, கழற்றிச் சுத்தம் செய்து வெண்ணெய் மாதிரி விழுகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். கடைசியாக டேங்கில் ஊறிக் கிழிந்திருந்த பழைய துணியை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் போட்டேன். சசிகுமாருக்கும் போன் செய்தேன். அவர், "இந்தத் தடவ நான் பாத்துக்கறனுங்க, நீங்க வர வேண்டாம்" என்றார். கணவன் மனைவிக்கு நடுவில் நான் எதற்கு என்று போகவில்லை. பன் மட்டும் வாங்கிவைத்திருந்தேன்.

வேல்விழியும் எனக்குப் போன் செய்யவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

மீதியை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வண்டி அதே இடத்தில் நின்றிருக்கிறது. ராமாயி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து, "போன தடவையும் இங்கதான நின்னே? எங்க கண்ணு போகோணும் உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். வேல்விழி அழுதாளாம். பிறகுதான் அம்மா வீட்டுக்கு என்றாளாம்.

யோசித்துப் பார்க்கிறேன், அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. மெக்கானிக் அதைக் கேட்கமாட்டான். வண்டிக்கு என்ன என்றுதான் கேட்பான்.

ராமாயியின் மருமகன் பக்கத்துக் காட்டில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். டேங்கில்தான் கோளாறு என்று பார்த்ததும் கண்டுகொண்டார். டேங்கை விட்டுவிட்டு, டிராக்டர் டீசலை ஒரு கேனில் பிடித்து, குழாயை நேராக அதற்குள் விட்டுக் காற்றெடுத்திருக்கிறார். நல்ல வேலை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கேனை யார் பிடிப்பது? இளநீர்க் கடையை அப்படியே போட்டுவிட்டு ராமாயி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கேனை மடியில் வைத்துக்கொண்டாராம்.

கொஞ்ச தூரத்தில் சசிகுமாரின் கார் ரோட்டை மறித்து நின்றிருக்கிறது. அவர் கையில் எதையோ வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். அது என்ன என்று நீங்கள் மேசை மேல் வைத்துக் காட்டினீர்கள். நான் அதிகநேரம் பார்க்கவில்லை.

வேல்விழி ஃபோர் வீல் லீவரைப் போட்டு ஜீப்பைக் காட்டுக்குள் இறக்கிவிட்டாள். முந்தின நாள் மழை, உழுதுபோட்ட மண். ராமாயி மடியில் கேன் தளும்ப, "ஓட்டு கண்ணு, ஓட்டு, நான் புடிச்சிருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். கார் பின்னாலேயே இறங்கியது, வயிறு வரைக்கும் புதைந்தது. மருமகன் டிராக்டரைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார், நீங்கள் வருகிறவரைக்கும் எடுக்கவில்லை. ராமாயி சேலை முழுக்க டீசலோடு தாராபுரத்தில் போய் இறங்கி, வேல்விழியின் அம்மாவிடம் முதலில் கேட்டது, "ஊட்டுல சோப்பு இருக்குதுங்களா?" என்றுதானாம். இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். நீங்களும்தான் சிரித்தீர்கள்.

அந்த லீவர் வெண்ணெய் மாதிரி விழுந்ததே, அது யார் வேலை என்று யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது.

பிறகு மருமகன் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்திருக்கிறார். ரோஸ் நிறத் துண்டு விழுந்திருக்கிறது. யார் துணி என்று யாரும் வேல்விழிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பொறுக்கி அனுப்பியதுதானே. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றீர்கள். கோபத்தில் இருப்பாள். ஒரு நாள் புரிந்துகொள்வாள்.

காலையில் ராமாயி சாட்சி சொல்ல வந்தபோது நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை. "நீ டீ குடுத்தியாமா?" என்றார். "ஆமாங்கம்மா, பன்னும்" என்றேன். "ஆட்டப் புடிச்சுக் கட்டறவனும் மொதல்ல தழையத்தானப்பா காட்டுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷி. வெயிலில் நின்று விற்கிறவர், வாயில் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். டேங்கில் துணி போட்டது நான். இரண்டு தடவை போட்டேன். மூன்று தடவை சசிகுமாருக்குச் சொன்னதும் நான்தான். அவள் எங்கே நிற்பாள், எதற்காகக் கிளம்பினாள், திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும், மூன்றும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் டீ கொண்டுபோனேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியை அவளிடமே ஒப்படைக்கப் போவதாகச் சொன்னீர்கள். இனி தாராபுரத்துக்கும் அவளுடைய புது வேலைக்கும் அதில்தான் போய்வருவாளாம். சந்தோஷம். ஆனால் பழைய வண்டி மேடம், கழற்றிய டேங்கை மருமகன் எப்படி மாட்டினாரோ. அவள் சாவியை வாங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் என்னிடம் விடுங்கள். கருவியெல்லாம் உங்கள் ஸ்டேஷன் ஜீப்பிலேயே இருக்கும்.

கை துடைக்க எனக்குக் கொஞ்சம் பனியன் வேஸ்ட் மட்டும் வேண்டும்.