மேலாளரின் வண்ணத் தலைப்பு

வீட்டில் உப்பு, சர்க்கரை டப்பாக்களுக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டியிருப்பேன், ஐயா. என் மனைவி கேலி செய்வாள்.

மருத்துவமனையில் எனக்குச் சின்ன வேலைதான். நோயாளிகளின் விவரங்கள் டேட்டாபேஸில் இருக்கும். காலையில் நான் எழுதிய மேக்ரோவை, அதாவது எக்செல்லுக்கான சின்ன நிரலை, ஓட்டினால் எல்லாம் எக்செல்லுக்கு வந்துவிடும். 'எடை' என்ற தலைப்பின் கீழே உள்ள எண்ணை வைத்து மருந்தின் அளவை எக்செல்லே கணக்கிடும். அதை அச்செடுத்து வார்டுக்கு அனுப்புவேன். முதலில் தலைப்புகளும் டேட்டாபேஸிலிருந்தே வந்தன. எது எங்கே நகர்ந்தாலும் அதன் தலைப்பும் கூடவே நகரும்.

மேலாளர் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"என்னங்க இது, தலையும் புரியல வாலும் புரியல? நான் கலர் போட்டு வச்ச தலைப்பு அப்படியே இருக்கட்டும். கீழ டேட்டாவை மட்டும் கொண்டு வாங்க. சொன்னதைச் செஞ்சா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வலித்தது, மறைப்பானேன். சொன்னதைச் செய்தேன்.

பிறகு ஒருநாள் டேட்டாபேஸில் வயதும் எடையும் இடம் மாறின. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் பிரிவினர் போன் செய்து என்னிடம் சொன்னார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்ணத் தலைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. 'எடை' என்பதன் கீழே இப்போது வயது வந்து உட்கார்ந்தது.

அறுபது வயதில் அறுபது கிலோ இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. உடம்பு வற்றிய முதியவர்களுக்குத்தான் மருந்து இரட்டிப்பாகும். மேலாளரின் தாயார் அந்த வாரம்தான் வார்டில் சேர்ந்திருந்தார். எண்பது வயது, நாற்பது கிலோ. ஒருமுறை பார்க்கப் போனேன்.

"நல்லா தூக்கம் வருதுப்பா," என்றார்.

போர்வையை இழுத்து விட்டுவிட்டு வந்தேன். மறுநாளும் மேக்ரோவை ஓட்டினேன். அதற்கடுத்த காலை அவர் எழவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவரும் எழவில்லை. அவரை எனக்குப் பழக்கமில்லை, பாவம்.

நான் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை, ஐயா. எண்கள் அத்தனையும் சரி. தப்பு தலைப்பில், தலைப்பு மேலாளருடையது. இதைக் கொலை என்று எழுதுவது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள்.

எல்லாத் தாள்களிலும் ஒரே ஒரு நோயாளிக்கு மட்டும் மருந்தின் அளவு பேனாவால் திருத்தப்பட்டிருக்கிறது என்கிறீர்கள். ஆமாம், என் கையெழுத்துதான். அது என் அப்பா. அவரும் அதே வார்டில்தான் இருந்தார். பெற்ற அப்பாவுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனிதன்?