கதையில் பேசாத தங்கை

அவையை அழகுற நடத்தும் அன்புத் தலைவர் அவர்களே! எங்களுக்குக் கோட்பாடு கற்பித்தே களைத்துப்போன ஆசிரியர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து என் முகம் பார்க்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

“தபால் ஆபீஸ்ல முத்திரை குத்துறவளுக்கு இலக்கியக் கோட்பாடு எதுக்கும்மா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். சிரிக்காதீர்கள், அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்! எதற்கு என்று இன்று சொல்கிறேன்.

எங்கள் மாலைநேர இலக்கிய வகுப்பில் ஒரு வழக்கம். எழுதியவர் பெயரை மறைத்துத்தான் கதையைக் கையில் கொடுப்பார்கள். ஆளைப் பார்க்காதே, எழுத்தைப் பார். பேசுபவர் யார், பேசவிடப்படாதவர் யார் என்று கேள் என்பார்கள். ஒரு மாலை எனக்கு வந்த பிரதியில் முதல் வரியைப் படித்தேன். பல வருடங்களுக்கு முன்பே நான் படித்த வரி. அது என் அண்ணன் எழுதிய கதை!

வீட்டைவிட்டுப் போய் இன்றுவரை விலாசம் தெரியாத என் அண்ணன், போன இடத்திலிருந்து ஒரு பத்திரிகைக்கு எழுதிய ஒரே கதை. அதில் ஒருவன் பெட்டி கட்டுகிறான். அப்பா கத்துகிறார், அம்மா அழுகிறாள், பக்கத்து வீட்டார் புத்தி சொல்கிறார்கள். தங்கை மட்டும் வாய் திறக்காமல் சட்டைகளை மடித்துக் கொடுக்கிறாள்.

வாய் திறக்காமலா? நானா? தெருமுனைவரை கையைப் பிடித்து இழுத்து, “போகாதேண்ணா, போகாதேண்ணா” என்று கதறியவள் நான்! என் குரலை எப்படி மறந்தான்? ஏன் மறைத்தான்? அந்தக் கதையை வருடக்கணக்கில் வெறுத்தேன்.

வகுப்பில் விவாதம் வெடித்தது. “பொண்ணோட குரலை அமுக்கிட்டாரு” என்றார் ஒருவர். நானும் வேகமாகத் தலையாட்டினேன். அப்போது என் பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா, பிரதியைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் தடுக்கிறாங்க, அவன் நிக்கலை. இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னுருப்பான். அப்புறம் கதையே இல்லை. அதான் எழுதின கை அவளைப் பேசவிடலை.”

கேட்டான்! தாய்மார்களே, என் அண்ணன் என் குரலைக் கேட்டான்! காதில் விழாமல் நடந்துவிட்டான் என்றுதானே இத்தனை காலம் கலங்கினேன்? காகிதத்தில்கூட எழுத முடியாத அளவுக்கு அந்தச் சொல் அவனை இழுத்திருக்கிறது. ஆளை மறைத்துப் படிக்கச் சொன்ன கல்வி, என் ஆளை எனக்கு மீட்டுக் கொடுத்தது!

தலைவர் மணியடிக்கிறார். மணியை அடிக்கட்டும், மனத்தை யார் அடக்குவது? ஒரே நிமிடம், தலைவரே! ஏங்குகிறேன், அவையோரே, ஏங்குகிறேன்! இந்த ஒலிபெருக்கி எட்டும் ஏதோ ஒரு தெருவில் அவன் நடந்துபோகக் கூடாதா? திறனாய்வு முடிந்தது. இனித் தங்கை பேசுகிறேன்.

“அண்ணா, உன் கதை நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரு வரி பாக்கி வச்சிருக்கே. வீட்டுக்கு வந்து எழுதுண்ணா.”

அவனுக்காகவும் சேர்த்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வணக்கம்.