காரம் இல்லாத கஞ்சி

— மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க மாமா. கொதிக்கட்டும். கஞ்சி எங்க ஓடிப் போயிடப் போகுது?

— நம்பிக்கை இல்ல அம்மாடி. காலமெல்லாம் பஸ்ல கண்டக்டரா நின்னவன். கொஞ்சம் கண்ணை எடுத்தா ஒருத்தன் டிக்கெட் எடுக்காம இறங்கியிருப்பான். அந்தப் புத்தி போகுமா?

— இது எங்கயும் இறங்காது. தீயைக் குறைங்க. அந்தப் பக்கம் திருப்பினா கூடும். இந்தப் பக்கம்... ஆங், அப்படி.

— ரைட்டு. அடுத்து?

— அடுத்து ஒண்ணும் இல்ல. சும்மா நிக்கணும். அரிசியை ரெண்டு விரல்ல நசுக்கினா இருந்த இடம் தெரியாம மசியணும். அப்புறம் வறுத்துப் பொடிச்ச சீரகம் ஒரு சிட்டிகை, உப்பு கொஞ்சம். அவ்வளவுதான்.

— மிளகு?

— வேணாம்.

— நேத்து வச்ச சூப்புலயும் மிளகு கிடையாது, இஞ்சி கிடையாது. இன்னிக்கும் கிடையாதா? நாக்குல எதுவோ வந்து போச்சு, என்னன்னுதான் தெரியலங்கிற மாதிரி இருக்கு.

— நாக்கு சொன்னதைக் கேட்டுத்தானே இத்தனை வருஷம் டீயும் பன்னும் வடையுமா ஓட்டினீங்க? இனிமே வயிறு சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க. நாளைக்குக் காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணக் கையெழுத்துப் போட்டுட்டு நான் அப்படியே அவர் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் இந்த அடுப்புக்கிட்ட நிக்கப் போறது நீங்கதான்.

— தெரியுமே. சாட்சிக் கையெழுத்து நான்தானே போடப் போறேன்? சட்டை கூட இஸ்திரி போட்டு வச்சாச்சு. உன் லிஃப்ட்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? போன வாரம் தனியா என்னைக் கூப்பிட்டு, 'உங்களை நான் என்னன்னு கூப்பிடுறது'ன்னு கேட்டாரு. பாவம், தலையைச் சொறியறாரு. பொண்ணோட அப்பான்னா மாமான்னு கூப்பிடலாம். பொண்ணோட பழைய மாமனாரை என்னன்னு கூப்பிடுறது? ஊர் உலகத்துல யாரும் இதுக்கு ஒரு முறை வைக்கல.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'நீங்களும் மாமான்னே கூப்பிடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்'னேன். நல்ல மனுஷன் அம்மாடி. லிஃப்ட் ரிப்பேருக்குன்னு எல்லா அடுக்குமாடியிலயும் ஏறி இறங்கறவரு, மனசு மட்டும் தரையிலேயே இருக்கு.

— சரி விடுங்க, பேச்சை மாத்தாதீங்க. நேத்து சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கான்னு பார்க்கணும். தொண்டை கரகரன்னு இருந்தா?

— வெதுவெதுன்னு தண்ணி, கல் உப்பு, கொப்புளிக்கணும். முழுங்கக் கூடாது. நேத்து முழுங்கிட்டேன், அதனால நல்லா ஞாபகம் இருக்கு.

— மூக்கடைப்பு?

— ஆவி. அடுப்பை அணைச்சுட்டு, பாத்திரத்தை மேசை மேல நகராம வச்சுட்டு, அப்புறம்தான் துண்டைப் போர்த்திக்கணும். நீ சொன்ன மாதிரியே சொல்றேன் பாரு.

— வயிறு உப்பிக்கிட்டா?

— ஓமம். கொதிக்க வச்சு, வடிகட்டி, சூடா ஒரு வாய். ஆமா, நான் ஒண்ணு கேக்கணும். பகல் பூரா மருந்துக் கடையில நின்னு மாத்திரையா எடுத்துக் குடுக்கறவ, வீட்டுக்கு வந்தா ஓமத்தை நம்புற. உன் முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடாதா?

— அவர் வீட்லயும் ஓமம்தான். இங்க பாருங்க மாமா, சின்னச் சின்ன சங்கடத்துக்குத்தான் இதெல்லாம். காய்ச்சல் விடாம அடிச்சா என்ன பண்ணுவீங்க?

— சுக்குத் தண்ணி...

— தப்பு. டாக்டர்கிட்ட போகணும். வெளிக்குக் கறுப்பா போனா? வாந்தியில ரத்தம் தெரிஞ்சா?

— ஏம்மா, எனக்கு எதுக்கு அதெல்லாம்? கல்லைத் தின்னாலும் கரைக்கிற வயிறு இது.

— யாருக்கு எப்ப வரும்னு தெரியுமா? அப்படி எதையாவது பார்த்தா கஞ்சி, கஷாயம்னு உக்காந்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. சொல்லுங்க, எங்க போகணும்?

— ஆஸ்பத்திரி.

— சரி. வலின்னு சொல்லி கண்ட மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. பசிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா. வெறும் வயித்துல டீ கிடையாது. ஏன் மாமா, என்ன ஆச்சு? அந்தக் கரண்டியை எதுக்கு அப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?

— ஒண்ணும் இல்ல. ஆவி கண்ணுல பட்டுடுச்சு.

— கஞ்சி மேல மூடி போட்டுத்தானே இருக்கு. இப்ப எங்க இருந்து ஆவி? உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நாளைக்கு நான் போறதை நினைச்சா?

— அது இருக்கு. அது இல்லன்னு சொல்ல மாட்டேன். இந்த வீட்ல சாவி திருப்புற சத்தம் கேட்டா நீ கடையில இருந்து வந்துட்டன்னு எனக்கு ஒரு தெம்பு. இனிமே அந்தச் சத்தம் என் கையாலதான் வரணும். ஆனா அது சந்தோஷமான சங்கடம் அம்மாடி. நான் அழுதாலும் சிரிச்சுக்கிட்டே அழுவேன். இது வேற.

— பின்பக்க ரூம் விஷயமா?

— எந்த ரூம்?

— பழைய சாமான் எல்லாத்தையும் மாடிக்கு ஏத்திட்டு, தரையைக் கழுவி, புது மெத்தை வாங்கிப் போட்டு வச்சிருக்கீங்களே, அந்த ரூம். நான் கேட்டப்ப பூனை வளர்க்கப் போறேன்னீங்க. பூனைக்கு ஆள் நீள மெத்தையா?

— உன் கண்ணுல இருந்து எதுவும் தப்பாது. நீ கண்டக்டரா வந்திருக்கணும்... உக்காரு. நீயும் உக்காரு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாளா நாக்கு எழல. கோபம் வந்தா திட்டிடு. ஆனா முழுசா கேட்டுட்டுத் திட்டு.

— சொல்லுங்க.

— அன்னிக்கு ஒரு நாள் நம்ம டிரைவர் வந்திருந்தான்ல? என்கூட ஒரே வண்டியில ஓட்டினவன். நீ டீ போட்டுக் குடுத்துட்டு கடைக்குப் போயிட்ட. நீ போனதும் அவன் சொன்னான், 'அண்ணே, உங்க மகனை ஆஸ்பத்திரியில பார்த்தேன்'னு. யாரையோ பார்க்கப் போனானாம், தற்செயலா பக்கத்துக் கட்டில்ல இவன். வயித்துல புண்ணு. லாட்ஜ்ல தங்கிக்கிட்டு, நேரம் கெட்ட நேரத்துல கடையில தின்னு, தின்னாம கிடந்து, வலிக்கு மாத்திரையை வாங்கிப் போட்டு, கடைசியில ரத்தமா எடுத்திருக்கான். அவனை நம்பிப் போனவளும் விட்டுட்டுப் போயிட்டாளாம். ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இல்ல.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'எனக்கு மகனே கிடையாது'ன்னேன். டிரைவர் போயிட்டான். நான் உக்காந்து பேப்பர் படிச்சேன். ஒரே பக்கத்தையே படிச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டுப் போனேன்.

— போய்?

— வார்டு வாசல்ல நின்னேன். தூங்கிக்கிட்டிருந்தான். முதல்ல அது அவன்தான்னே தெரியல அம்மாடி. உன் புருஷனா இருந்தப்ப எப்படி இருந்தான், வாசல்ல நின்னா வெளிச்சம் உள்ள வராது. இப்ப போர்வைக்கு அடியில ஆள் இருக்கானா, தலகாணி இருக்கான்னு தெரியல. பக்கத்துல தட்டுல சாப்பாடு அப்படியே ஆறிக் கிடந்துச்சு. நர்ஸ் வந்து, 'நீங்க யாரு'ன்னு கேட்டா.

— சொன்னீங்களா?

— 'வார்டு மாறி வந்துட்டேம்மா'ன்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன்.

— மாமா...

— இரு, முடிச்சுடறேன். அன்னிக்கு அவன் வந்து நின்னு, வேற ஒருத்திகூட வாழப் போறேன்னு உன் முகத்தைப் பார்த்துச் சொன்னப்ப, நான் என்ன சொன்னேன்? 'இந்த வீட்ல அவ இருப்பா. நீ போ'ன்னேன். அதை நான் மாத்தல. இன்னிக்கும் மாத்தல. நீ இந்த வீட்ல இருக்கிற வரைக்கும் அவன் நிழல் கூட இங்க படக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்ப நீ நல்லபடியா போற. நீ போறது நிச்சயமான அன்னிக்கே, என் பாழாப்போன மனசு அந்த ரூமைக் கழுவச் சொல்லுது. உன்னை வழியனுப்பிட்டு அவனைக் கூட்டிட்டு வரணும்னு நினைச்சா, எனக்கே என்னைப் பிடிக்கல. உனக்குத் தெரியாம செஞ்சா அது துரோகம். தெரிஞ்சு செஞ்சா உன் மனசு நோகும். நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, மெத்தையைத் திருப்பிக் குடுத்துடறேன். சத்தியமா வருத்தப்பட மாட்டேன்.

— மூஞ்சியைத் துடைங்க முதல்ல. இந்தாங்க.

— சொல்லும்மா. கூட்டிட்டு வரட்டுமா?

— எனக்கு அவர் மேல இருக்கிற கோபம் போகல மாமா. போகணும்னும் நான் நினைக்கல. அது என்னோடது, நான் வச்சுக்கிறேன். லிஃப்ட்காரருக்கும் அது தெரியும். ஆனா அந்தக் கோபத்துக்கு நீங்க எதுக்கு வாடகை குடுக்கணும்? அன்னிக்கு நீங்க சொன்ன ஒரு வார்த்தையிலதான் நான் தலை நிமிர்ந்து கடைக்குப் போயிட்டு வந்தேன். பெத்த பிள்ளையை வெளியில நிறுத்திட்டு என்னை உள்ள வச்சீங்க. அதுக்கு மேல உங்ககிட்ட கேக்க எனக்கு எதுவும் இல்ல.

— அப்போ...

— இந்தக் காலி வீட்ல உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா எனக்கு அங்க சோறு இறங்குமா? ஒரு நாள் கடையில போன் அடிச்சுச்சு மாமா. எடுத்தேன். ஒரு மாத்திரை பேரைச் சொல்லி, 'இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடி போடணுமா'ன்னு ஒரு குரல். ஆஸ்பத்திரியில கேட்டா சொல்ல மாட்டாங்களா? குரலை வச்சே கண்டுபிடிச்சுட்டேன். வச்சுடலாம்னுதான் கை போச்சு. ஆனா பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கிச்சு.

— அவனா? உனக்கா? என்ன தைரியம் அவனுக்கு...

— தைரியம் இல்ல, வேற நம்பர் ஞாபகம் இல்லன்னு சொன்னாரு. 'முன்னாடி போடணும்'னு சொன்னேன். அப்புறம் எங்க இருக்கீங்கன்னு கேட்டேன். வார்டைச் சொன்னாரு.

— அப்போ டிரைவர் வந்து சொல்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?

— டிரைவர் அண்ணன் அங்க யாரையும் பார்க்கப் போகல மாமா. நான்தான் போகச் சொன்னேன். நானே வந்து சொல்லியிருந்தா, எனக்காகன்னு வீம்பு பிடிச்சுக்கிட்டு நீங்க அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டீங்க.

— அடிப்பாவி... அவன் அங்க கிடக்கிறது அப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே தினமும் என் கையில கரண்டியைக் குடுத்து, அரிசியை நசுக்கு, தீயைக் குறைன்னு...

— அன்னிக்குப் போன்ல கடைசியா ஒண்ணு கேட்டாரு. 'அப்பா கதவைத் திறப்பாரா'ன்னு. 'திறப்பாரு, ஆனா அவருக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது, நான் கத்துக் குடுத்துட்டுச் சொல்றேன், அப்புறம் வாங்க'ன்னேன். இப்பச் சொல்லிடட்டுமா மாமா?