பெரியவர் தூண்

அன்று குகைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் தம்பி, என் மகளின் கணவர். தம்பிக்குச் சளி பிடித்திருந்ததால் ஸ்வெட்டர் போட்டிருந்தான். உள்ளே எப்போதும் ஈரம்தான். வௌவால் எச்சத்தின் நெடி வேறு.

மாப்பிள்ளை சர்வேயர். சுண்ணாம்புக் குகைகளை அளந்து வரைபடம் போடுவது அவர் தொழில். எங்கள் குகைக்கும் ஒன்று போட்டுத் தருவதாக அவரே முன்வந்தார். வேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் கல்லைச் சுரண்டி நாக்கால் தொட்டுப் பார்ப்பார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வியர்வைக் கையால் தடவிக் கறுத்துப்போன கல்லை. அதே வாயோடு வந்து எங்கள் மேசையில் உட்காருவார். “அண்ணே, நம்ம வீட்டுச் சாப்பாட்டைவிட இவருக்குக் கல்லுதான் ருசி” என்று தம்பி சிரிப்பான். எனக்குச் சாப்பாடு இறங்காது.

நடுக்கூடத்தில் கூரைக்கும் தரைக்குமாக நிற்பது பெரியவர் தூண். பெரியவர் என்றால் என் அப்பா, குகையைக் கண்டுபிடித்தவர். உள்ளே வழி வெட்டியபோது அசல் தூண் நொறுங்கிவிட்டது. அப்பா கம்பி கட்டி, சிமெண்ட் பூசி, அதைத் திரும்ப நிறுத்தினார். ‘தானாக வளர்ந்தது’ என்று பலகையும் வைத்தார். அவர் போன பிறகு இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தூணை அளக்க வேலியைத் தாண்டிப் போனோம். மாப்பிள்ளை அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல்முறை. கருவியின் சிவப்புப் புள்ளி நன்றாகத் தெரிய, விளக்குகளை அணைத்துவிட்டு வாசலிலேயே இருக்கும்படி தம்பியை அனுப்பினார். பிறகு தூணின் பின்புறம் குனிந்தார். அங்கே துருநீர் சீழ் போல வடிந்திருந்தது. கத்தி முனையால் சுரண்டினார். நாக்கை வைத்தார். என் அப்பாவின் தூணடியில் துப்பினார்.

“மாமா, இது சிமெண்ட்டு.”

“தெரியும் மாப்பிள்ளை. படத்துல போட வேண்டாம்.”

“இருக்கறதத்தானே மாமா போட முடியும்? பேரு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல செயற்கைன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.”

பெண் கொடுத்த இடத்தில் குரல் உயர்த்துகிற குடும்பம் இல்லை எங்களுடையது.

விளக்குகள் அணைந்தன. கருவியில் கண் வைத்தவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதிரே, சிவப்புப் புள்ளி விழும் குறிப்பலகையைப் பிடித்து நிற்பவர்தான் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் தொழிலில் முறை. பலகையை நான் பிடித்திருந்தேன். தூணின் உச்சி கருவிக்குள் அடங்கவில்லை.

“மாமா, பின்னாடி இடம் இருக்கா?”

அவருக்குப் பின்னால் கிணறு போல ஒரு குழி இருந்தது.

“தாராளமா இருக்கு மாப்பிள்ளை” என்றேன்.

பிறகு டார்ச் அடித்து, தூணடியில் கிடந்த எச்சிலைத் துடைத்தேன். அந்தக் கைக்குட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. அதையும் குழிக்குள் போட்டேன்.

விழுந்த உடனே உயிர் போய்விட்டது, வலியே தெரிந்திருக்காது என்று சொல்லி எல்லோரும் என் மகளைத் தேற்றுகிறார்கள். அது உண்மை இல்லை. நான் குழியோரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அளவு வேலைக்குக் கொண்டுவந்த கயிறு என் காலடியில்தான் இருந்தது. “மாமா, கயிறப் போடுங்க” என்று வெகுநேரம் கூப்பிட்டார். ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. குரல் அடங்கும்வரை எனக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.